முழங்கால் வலியும் சிம்ஸ் பூங்கா நடையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குன்னூர்ப் பகுதி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்தே பேசுகிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நின்றும் பேசலாம். ஆனால் நின்றால் என் நினைப்பு முழுக்க முட்டி மேலேயே இருக்கும், பேச்சு மேல இருக்காது.

நான் 27 வருஷம் கொழுந்து பறித்தேன். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து நிற்கிற வேலை. முதுகில் இலை மூட்டை. மழையிலும் குளிரிலும் அப்படியே. 46 வயதில் வலது முட்டி வீங்க ஆரம்பித்தது. 49-ல் வேலையை விட்டுவிட்டேன். வேலை போனது ஒரு கவலை என்றால், அதைவிடப் பெரிய கவலை குழுக் கூட்டத்துக்குப் போக முடியாமல் போனது. எங்கள் குழு கூடுகிற இடம் சாலையிலிருந்து 40 படி இறங்கி இருக்கிறது. இறங்கினால் ஏற வேண்டுமே என்று நாலு கூட்டம் போகவில்லை. வராததற்கு அபராதம் எழுதினார்கள். எழுதினது சரிதான், விதிமுறை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு நான் அழுதேன்.

அப்போது செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பேர் வேண்டாம், ஒரு கடையில் கலர் மாத்திரை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். போட்டால் அரை மணி நேரத்தில் வலி போய்விடும். எட்டு மாசம் போட்டேன். கடைசியில் வயிறு புண்ணாகி, கருப்பாக மலம் போய், ஆஸ்பத்திரியில் படுத்தேன். வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் வயிற்றையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை எனக்கு அங்கேதான் சொன்னார்கள். முன்னாடியே தெரிந்திருந்தால் உள்கடன் வாங்கி ஆஸ்பத்திரிச் செலவு செய்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்க்க வருகிற தங்கச்சி வந்தாள். அவளும் நம்மைப் போல ஒரு குழு உறுப்பினர்தான். அவள் சொல்லித்தான் பிசியோதெரபி செய்கிறவர் வீட்டுக்கு வந்தார். சின்னப் பெண், என் மகள் வயசு. முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, தினமும் நடக்குறீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "27 வருஷம் நடந்துதானே தாயி இப்படி ஆச்சு!" என்றேன்.

அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள். அது வேலை, இது நடை. மூட்டை சுமந்து, சாய்ந்த நிலத்தில், முட்டியைப் பாதி மடக்கி, அடுத்தவர் வேகத்துக்கு ஓடுவது வேறு. கையில் சுமை இல்லாமல், நல்ல பாதையில், நம் வேகத்தில் நடப்பது வேறு. மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க முடியாதாம். ஆனால் தொடைச் சதை பலமாக இருந்தால் அது பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். வலிக்குது என்று உட்கார்ந்தே இருந்தால் அந்தச் சதை கரைந்துபோய், முழு பாரமும் முட்டியில் விழும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் நாலு கிலோ குறைகிற மாதிரி என்றும் சொன்னாள். நம்ம கூட்டுவட்டிக் கணக்கைவிட இது நல்ல கணக்காக இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சரி, எங்கே நடப்பது? எங்கள் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? தேயிலைத் தோட்டத்துப் பாதையில் விடியற்காலையில் போனால் காட்டெருமை நிற்கும். சில நாள் கரடி. நல்ல முட்டி இருக்கிறவர்களே ஓட முடியாது, நான் எங்கே ஓடுவது? மெயின் ரோட்டில் சுற்றுலா வண்டி. அப்போதுதான் சிம்ஸ் பூங்கா ஞாபகம் வந்தது. 1874-ல் ஆரம்பித்த பூங்கா. பாஸ்டர் நிறுவனத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது மே மாசம் பழக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனதோடு சரி. வெளியூர்க்காரர்களுக்கான இடம் என்றே நினைத்திருந்தேன். சீசன் இல்லாத புதன்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், கிளிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. ருத்ராட்ச மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் வீட்டு ஞாபகமே வராது. (வரும். கேஸ் அடுப்பை அணைச்சோமா என்று வரும்.)

முதலில் நான், எங்கள் பிரதிநிதி அக்கா, மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒருத்தி என்று மூன்று பேர்தான். அவளுக்கு 2006-ல் சிக்குன்குனியா வந்து, அதிலிருந்து கணுக்கால் வலி. பிறகு ஆறு பேர் ஆனோம். நுழைவுக் கட்டணத்துக்காக ஆளுக்குப் பத்து ரூபாய் கூட்டத்தன்று ஒரு டப்பாவில் போட்டோம். அதைக் கணக்கில் ஏற்றணுமா வேண்டாமா என்று பொருளாளருக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் சண்டை. குழுப் பணம் இல்லை, ஏற்ற வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்தோம். மகளிர் விடியல் பயணம் மலைப் பகுதிக்கும் வந்த பிறகு பஸ் செலவு இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பூங்கா ஒரு பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. மேலே நுழைந்தால் பாதை கீழே கீழே இறங்கி, கடைசியில் படகு விடுகிற குளம். மலை ஏறினால் களைத்தவுடன் திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் ஏற்றம். இரண்டாவது தடவையே நாங்கள் மாட்டிக்கொண்டோம். எங்களில் சின்னவள், "வாங்கக்கா, குளத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள். எனக்கும் ஆசை. நடுவில் முட்டி குத்த ஆரம்பித்தது. சொன்னால் எல்லோரும் திரும்ப வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். மேலே வர இரண்டு மணி நேரம் ஆனது. அதில் பாதி அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது. மறுநாள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கியது. பத்து நாள் படுக்கை. என் வீட்டுக்காரர், "இனிமே பூங்கா கீங்கான்னு கிளம்பினா பாரு" என்றார். அந்தச் சின்னவள் தினமும் வந்து சோறு பொங்கிக் கொடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. சொல்லாமல் இறங்கியது நான்தானே.

பிசியோதெரபிப் பெண் மறுபடி வந்து, திட்டவில்லை, கற்றுக்கொடுத்தாள். முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நான் அதுவரை வலது பக்கமே ஊன்றிக்கொண்டிருந்தேன், முழுத் தப்பு. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம்தான் தடியின் உயரம். எங்கள் வீட்டில் மரக் கொம்பு ஒன்றை வெட்டி, அடியில் பழைய ரப்பர் மாட்டியிருக்கிறேன். இதோ இதுதான். குளிரில் எழுந்தவுடன் கிளம்பக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து, இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து தடவை. அதன் பிறகு வாசல்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். நான் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டேன். லைன் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது ஷூ வாங்கிவிட்டார்கள், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு பழக்கம். மேல் தோட்டத்தில் மட்டும் சுற்றுவோம். பத்து நிமிஷம் நடை, பெஞ்சில் கொஞ்ச நேரம், மறுபடி நடை. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் முட்டி பூட்டிக்கொள்ளும். நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வழக்கத்தைவிட அதிக வலி இருந்தால், அடுத்த தடவை தூரத்தைக் குறைப்போம். யார் முதலில் "போதும்" என்கிறாளோ அவள் இடத்திலிருந்து எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அடை மழைக் காலத்தில் போவதில்லை, வீட்டுத் திண்ணையிலேயே நடை. தண்ணீர் குடிக்காமல் வராதீர்கள். பாத்ரூம் போகணுமே என்று நாம் எல்லோரும் தொண்டை காய்ந்து அலைகிறோம். பூங்காவில் கழிப்பறை இருக்கிறது.

எல்லா வலியும் நடந்தால் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களோடு வந்த ஒருத்திக்கு இரண்டு கையிலும் விரல் மூட்டு வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் கையை மடக்கவே முடியாது. பாத்திரம் தேய்த்து வந்த வலி என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் பார்த்து, முடக்குவாதம் என்றார்கள். அதற்கு மருந்தே வேறு. தள்ளிப்போட்டால் விரல் கோணிவிடும் என்றார்கள். இப்போது மருந்து சாப்பிடுகிறாள், சேமிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறாள். மூட்டு திடீரென்று சிவந்து சூடாக இருந்தாலும், காய்ச்சலோடு வீங்கினாலும், படுத்திருக்கும்போதும் வலித்தாலும், கால் ஊன்றவே முடியாவிட்டாலும் பூங்காவுக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

எனக்கு வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. இந்த மழைக்கு நேற்று ராத்திரி கூட வலித்தது. ஒருநாள் ஆபரேஷன் செய்ய வேண்டியும் வரலாம், டாக்டர் சொல்லியிருக்கிறார், காப்பீட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு வருஷமாக நான் ஒரு குழுக் கூட்டத்தையும் விடவில்லை. அந்த 40 படியை ஒவ்வொரு படியாக, வலது கால் முதலில் வைத்து இறங்குகிறேன். கட்டின அபராதத்தைத் திருப்பிக் கேட்டேன், தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

குளத்தை மட்டும் இன்னும் மறுபடி பார்க்கவில்லை. பாதி வரை போயிருக்கிறோம். அங்கே ஒரு பெஞ்ச் இருக்கிறது, அதிலிருந்து தண்ணீர் கொஞ்சம் தெரியும்.

மாசத்தில் முதல் புதன், மூன்றாவது புதன் போகிறோம். காலை பத்து மணிக்குப் பூங்கா வாசலில் நிற்போம். வருகிறவர்கள் எங்கள் பிரதிநிதி அக்காவிடம் பேர் கொடுங்கள். தடி இல்லாதவர்களுக்கு என் வீட்டில் இன்னும் மூன்று கொம்பு இருக்கிறது.