ஒரே கேள்வி, ஐந்து முறை



ஆங்கில அணிகளின் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாம். அவை எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. அதை அண்ணல் அம்பேத்கரிடம் கற்போம்.

1936இல் லாகூர் மாநாட்டுக்காக அவர் ஆங்கிலத்தில் எழுதிய தலைமையுரை ‘சாதி ஒழிப்பு’. உரையின் கருத்துகளை ஏற்க முடியாத அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட்டார்கள். அவரே அதை அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன.

முதலில் சாட்சிகளை வைக்கிறார். குஜராத்தின் கவிதா கிராமத்தில் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்ப முயன்றது குற்றமானது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாராவில் விருந்தில் நெய் பரிமாறியது குற்றமானது. பிறகு அரசியல் அதிகாரம் கேட்கும் சாதி இந்துக்களிடம், அதற்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்கிறார். பள்ளி, கிணறு, தெரு, உடையும் நகையும், உணவு என ஐந்து மறுப்புகளுக்கும் அதே கேள்வி, அதே தொடக்கம். இதைத்தான் பாடப்புத்தகம் ‘அனஃபோரா’ என்கிறது. அந்த ஊர்களின் பெயர்கள் முன்னால் இல்லாவிட்டால் இது வெறும் மேடைச் சத்தமாகியிருக்கும்.

இந்தக் கருவிகள் எதிர்த்தரப்பிடமும் உண்டு. “தலித் இளைஞர் கொல்லப்பட்டார்” என்னும் செயப்பாட்டு வினையில் கொன்றவர் காணாமல் போகிறார். “இரு தரப்பு மோதல்” என்னும் மென்சொல்லில், அடித்தவரும் அடிபட்டவரும் சமமாகிறார்கள்.

எனவே நம் துண்டறிக்கை ஒவ்வொன்றையும் அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை படிப்போம். செய்தவர் யார் என்பது வாக்கியத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் திருத்தி எழுதுவோம்.

ஜெய்பீம்.