அலுவலகக் கணினியின் பட்டியல் யாருடையது?



சென்ற தீபாவளி விடுமுறையில், நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி நம்மைப் பார்க்க வந்திருந்தாள். தாய் தந்தை இருவரும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். மகளோ இன்று செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கிராணி. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தயங்கியவள், கடைசியில் மெல்லக் கேட்டாள்: "டீச்சர், நான் கம்பெனி கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேனா?"

நடந்தது இதுதான். திரையின் கீழ் விளிம்பில் நான்கு சதுரம் போட்ட அடையாளம் ஒன்று இருக்கிறதல்லவா? அதைச் சுட்டியால் அழுத்தினால் விரிவதே ஸ்டார்ட் மெனு. எக்ஸெல், கால்குலேட்டர், எடைச் சீட்டுகள் உள்ள கோப்புறை ஆகிய மூன்றையும் அவள் அந்த மெனுவில் பின் செய்து வைத்தாள். மறுநாள் காலையில் மூன்றையும் காணோம். கம்பெனி வைத்த பழைய வரிசைதான் இருந்தது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் மறைந்தது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. கைபேசியில் பிடித்த படத்தை வைத்தால் அது அங்கேயே இருக்கிறது. இங்கே மட்டும் ஏன் போகிறது? யாரையும் கேட்க அவளுக்கு அச்சம். தந்தைக்கோ அதைவிட அச்சம், மகளின் வேலைக்கே ஆபத்து வந்துவிடுமோ என்று. அண்ணன்காரன், மெனுவை விரும்பியபடி மாற்றித் தரும் புரோகிராம் ஒன்றை இறக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நல்ல வேளை, அவன் இறக்கவில்லை.

நேயர்களே, தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நமக்கு இது விளங்காத விஷயமல்ல. வீடு கம்பெனி வீடு. சுவரில் நாட்காட்டி மாட்டினோம், சாமி படம் வைத்தோம், யாரும் கேட்கவில்லை. சுவரை இடித்துச் சன்னல் வைத்தால் துரையிடமிருந்து ஆள் வரும். அலுவலகக் கணினியும் அப்படித்தான். சிலவற்றை நாம் மாற்றலாம். சிலவற்றைத் தலைமை அலுவலகம் எழுதி வைத்த விதி ஆளும். எது எந்த வகை என்று தெரியாததால் வருவதே இந்தக் குழப்பம்.

ஸ்டார்ட் மெனு 1995-இல் விண்டோஸ் 95 உடன் வந்தது.  2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000, குரூப் பாலிசி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தலைமை அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, நூறு தோட்டத்துக் கணினிகளுக்கும் ஒரே விதியை அனுப்பலாம். நாம் காலையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழையும்போது கணினி அந்த விதிகளைப் படிக்கிறது. அதோடு விடுவதில்லை. வழக்கமான அமைப்பில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை, சில வேளை அதற்கு மேலும் 30 நிமிடம் வரை கூடுதலாக, விதி மாறியிருக்கிறதா என்று திரும்பவும் கேட்கிறது. மெனுவின் வரிசையும் அந்த விதியில் இருந்தால், நாம் மாற்றியதைக் கணினி பழையபடி ஆக்கிவிடலாம். அது பழுது அன்று. கணினி தனக்குச் சொன்ன வேலையைச் செய்கிறது.

ஆனால் மறைந்ததெல்லாம் விதியால்தான் மறைந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்ததால், பல அலுவலகங்கள் விண்டோஸ் 11-க்கு மாறின. அப்படி மாறும்போது, பழைய மெனுவில் பின் செய்தவை புதியதற்கு வந்து சேர்வதில்லை. அது ஒரு முறை நிகழும் இழப்பு. திரும்ப வைத்தால் நிற்கும்.

இன்னொன்று உண்டு. அதுதான் அபாயமானது. மெனு மட்டுமல்லாமல், மேசைத்திரையில் வைத்த கோப்புகளும் சேர்ந்து காணாமற்போனால், கணினி நம்மைத் தற்காலிகக் கணக்கில் நுழைத்திருக்கலாம். நம் சொந்தக் கணக்கைத் திறக்க முடியாமல் போகும்போது விண்டோஸ் இப்படிச் செய்கிறது. திரையின் மூலையில் அறிவிப்பு ஒன்றும் வரும். அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? அந்தக் கணக்கில் சேமித்தவை, நாம் வெளியேறியதும் அழிந்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தட்டிய சம்பளக் கணக்கு மாலையில் போய்விட்டால் என்ன ஆகும்? ஆகவே, இந்த நிலையைக் கண்டால் வேலையைத் தொடராமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

சரி, மாணவியின் கணினியில் நடந்தது எது? அவளுடைய கோப்புகள் பத்திரமாக இருந்தன. மெனு மட்டும், ஒவ்வொரு நாளும், ஒரே வரிசைக்குத் திரும்பியது. இதுவே பாதி விடை. மீதிப் பாதிக்கு ஒரு சோதனை சொன்னோம். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஜி, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு ரிசல்ட் என்ற சொல்லை ஒட்டித் தட்ட வேண்டும். பிறகு ஓர் இடம் விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடும் ஆர் என்ற எழுத்தும். இது எதையும் மாற்றாது. நம் கணக்குக்கு என்னென்ன விதிகள் அமலில் உள்ளன என்று படித்துக் காட்டும், அவ்வளவே. கறுப்புத் திரையே திறக்க மறுத்தால், அதுவும் ஒரு விடைதான். சில கம்பெனிகள் இணையத்தின் வழியே வேறு முறையில் ஆளுகின்றன. அங்கே இந்தப் பட்டியலில் ஒன்றும் தெரியாது. அப்போது செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய், வேலை அல்லது பள்ளிக் கணக்கு என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அவள் பார்த்தாள். விதிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே ஸ்டார்ட் மெனு என்று இருந்ததாம். "நான் கெடுக்கலை, டீச்சர்" என்று தொலைபேசியில் சொன்னபோது, அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நாம் மறக்க முடியாது.

அண்ணன் சொன்ன புரோகிராமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அத்தகையவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் கம்பெனிக் கணினியில் அனுமதியின்றி எதை நிறுவினாலும், அது கம்பெனி வைத்த பூட்டை உடைப்பதாகவே கொள்ளப்படும். மேலாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிச் செய்வது அதைவிட மோசம். பிறகு எது காணாமற்போனாலும் விரல் நம்மை நோக்கியே நீளும். இன்னொரு தவறும் நம் பிள்ளைகள் செய்கிறார்கள். திரையைப் படம் பிடித்து, "இது என்ன கோளாறு?" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுகிறார்கள். அந்தத் திரையில் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் இருக்கின்றன. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு என்பது ஒரு புறம் இருக்கட்டும். அது நம் அக்கம்பக்கத்தாரின் சம்பளம் அல்லவா?

பின் என்ன செய்வது? எழுதிக் கேட்க வேண்டும். நம் மக்கள் வாயால் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் மனத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். கணினியில் ஒட்டியிருக்கும் எண், நாள், மணி, தான் செய்தது, பிறகு நடந்தது, இதனால் வேலை எவ்வளவு தாமதமாகிறது என்பது. இவ்வளவும் எட்டு வரியில் அடங்கிவிடும். 'என் மெனு சரியில்லை' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'கால்குலேட்டரும் எக்ஸெலும் மெனுவில் நிற்பதில்லை. ஒரு நாளில் பலமுறை தேடித் திறக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கிராணிகளுக்கும் பொதுவான வரிசையில் சேர்க்க இயலுமா?' என்று எழுதினால், படிப்பவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. ஒரே வரிசை இருந்தால் தொலைபேசி வழியே உதவுவது எளிது என்பதற்காகக் கம்பெனிகள் இப்படிப் பூட்டுவது நியாயமே. ஆனால் கணக்கு எழுதுபவருக்குக் கால்குலேட்டர் கைக்கெட்டாதபடி வரிசையை அமைத்தது கவனக்குறைவு என்பதே நம் எண்ணம். அதைச் சொல்வதில் தவறில்லை.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. விசைப்பலகையில் விண்டோஸ் அடையாளமுள்ள விசையை அழுத்தி, வேண்டிய புரோகிராமின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால், அது மேலே வந்து நிற்கும். எக்ஸெலுக்குள்ளேயே, அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலில், அடிக்கடி வேண்டியதைப் பின் செய்து வைக்கலாம். பெரும்பாலும் கம்பெனி விதி இவற்றைத் தொடுவதில்லை.

பத்து நாள் கழித்து அவளுக்குப் பதில் வந்தது. எக்ஸெலும் கால்குலேட்டரும் அந்த ஆலையின் எல்லாக் கிராணிகளுடைய மெனுவிலும் சேர்க்கப்பட்டன. எடைச் சீட்டுக் கோப்புறையைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள், காரணம் எழுதவில்லை. இப்போது அவள் விண்டோஸ் விசையையும் ஈ என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தி, கோப்புகளைத் திறந்து, அங்கிருந்து போகிறாளாம். பக்கத்து மேசைக்காரர் அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாராம்.