ரேடியோ நெல்லும் எங்கள் தாத்தாவும்



வழக்கமாக உரம், பூச்சி மருந்து என்று பேசுவேன். இன்றைக்கு எங்கள் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் பேசப் போகிறேன். அவரும் உங்களைப் போல விவசாயிதான். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். நிலம் 12 மா, அதாவது 4 ஏக்கர். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி.

1952-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் தஞ்சை மாவட்டத்தைப் பெரும் புயல் தாக்கியது. தாத்தாவின் சம்பாப் பயிர் முழுக்கச் சாய்ந்தது. வீட்டில் கேழ்வரகுக் கஞ்சிதான். அப்போதும் பரணில் இருந்த விதைக் கோட்டையை அவிழ்க்க அப்பாயி விடவில்லையாம். "ரெண்டு மாசம் பசி பொறுத்துக்கலாம். வெதய தின்னுட்டா வருசம் பூரா பசிதான்" என்றார்களாம். தாத்தா மறுபேச்சு பேசவில்லை.

1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் வந்தது. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியது. ஏறக்குறைய 105 நாள் பயிர். திருச்சி வானொலி இதைப் பற்றி எடுத்துச் சொன்னதால் ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஊரில் சிலர் நிலம் முழுக்க அதையே போட்டார்கள். சிலர் தொடவே மாட்டோம் என்றார்கள்.

தாத்தா என்ன செய்தார் தெரியுமா? ஒரே ஒரு மாவில் ரேடியோ நெல். பக்கத்து மாவில் பழைய குறுவை. இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு. ஆள் கூலி, உரச் செலவு, கண்ட நெல், எல்லாவற்றையும் கரித்துண்டால் திண்ணைச் சுவரில் எழுதினார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடுவார்களாம்.

அறுப்பு முடிந்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொன்னார். புது நெல்தான் கூடக் கண்டிருந்தது. "குறுவைக்கு இத போடுங்க. சம்பாவுக்கு நம்ம நெட்ட நெல்லே இருக்கட்டும். மாட்டுக்கு வைக்கோலு வேணும், கூரைக்கும் வேணும்" என்றார்கள் அப்பாயி. அப்படியே முடிவாயிற்று. செயல்விளக்கத் திடல் என்று நாங்கள் இன்று சொல்வது இதைத்தான்.

அப்பாயி விதை நெல்லைக் காயவைத்து, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். 'டக்'கென்று முறிந்தால்தான் கோட்டை கட்டுவது. நொச்சியும் வேப்பிலையும் சேர்ப்பார்கள். விதை நெல்லில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விஞ்ஞானம் சொல்கிறது. அப்பாயியின் பல்லும் அதைத்தான் சொன்னது.

இருவரும் இப்போது இல்லை. அவர்களுக்குப் பிறகு அந்தச் சம்பா விதை கலப்பாகி, இரண்டு மூன்று போகத்தில் கைவிட்டுப் போயிற்று. அதன் பேரைக் கேட்டால் பெரியப்பா ஒன்று சொல்கிறார், சித்தப்பா வேறு சொல்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி போன்ற ரகங்களைத் தேடினால் இன்றும் விதை கிடைக்கிறது. பேர் தெரியாத எங்கள் சம்பாவை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். என்ன நெல் போட்டார்கள், எந்த மாதம் விதைத்தார்கள், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், விதையை எப்படிக் காத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளை விட்டு எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. புது ரகம் எதுவானாலும் முதலில் ஒரு மாவில் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.