மழைநீரை ஏழையின் வாசலுக்குத் தள்ளாதே!

(தென்காசி வட்டாரத்தில் விவசாயிகளும் வீட்டுமனை வாங்கிய ஜனங்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குற்றாலம் என்றால் வெளியூர்க்காரருக்கு அருவியும் சாரலும்தான் ஞாபகம் வரும். நமக்கோ அந்த மலைத் தண்ணீர்தான் சோறு. சிற்றாற்று நீர் கால்வாய்களில் பிரிந்து, குளத்துக்குக் குளம் மறுகால் பாய்ந்து, மிஞ்சியது தாமிரபரணியில் சேருகிறது. காரும் பிசானமும் விளைவது இந்த ஏற்பாட்டினால்தான்.

இதன் நடுவே இன்று மனைக்கற்கள் முளைக்கின்றன. தரிசாய்க் கிடந்த வயலை வாங்குகிறார்கள், மண்ணடித்து மேடாக்குகிறார்கள், வரப்பையும் வாய்க்காலையும் அழித்து ரோடு போடுகிறார்கள். வீடு கட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பீடி சுற்றிக் காசு சேர்த்த சகோதரி 3 சென்ட் வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கட்டும். ஆனால் அங்கே விழும் மழை எங்கே போகும்? அதுதான் நம் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 4 லட்சம் லிட்டர் தண்ணீர். 10 ஏக்கர் மனைப்பிரிவுக்கு 40 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது வரப்பு அதைத் தடுத்து நிறுத்தியது, மண் குடித்தது, மிச்சம் மெதுவாக வடிந்தது. இன்று மொட்டை மாடியும் சிமெண்டுத் தரையும் தாரும் அதை ஒரே மூச்சில் வெளியே தள்ளுகின்றன. பள்ளத்தில் இருப்பது யார்? பக்கத்து வயல்காரரும், விவசாயத் தொழிலாளியின் குடிசையும்தான். லாபம் மேட்டில் நிற்கிறது. வெள்ளம் பள்ளத்துக்கு வருகிறது!

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டு போயிற்று. அது மலையிலிருந்து வந்த வெள்ளம். மனைப்பிரிவின் மீது அந்தப் பழியைப் போட வேண்டாம். ஆனால் மலைத் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அது காட்டிற்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்தக் குழியும் தாங்காது. ஆகவே சிறு மழையை நிலத்திலேயே நிறுத்த வேண்டும். பெருமழைக்கு ஓடையைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டும் தேவை.

வழி இருக்கிறதா? சட்டத்திலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு நீங்கலான நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அது எந்த மூலையில் அமைகிறது என்பதில்தான் சூட்சுமம். விலைபோகாத மேட்டு மூலையில் அமைத்து, மண்ணை உயர்த்திப் புல் வைத்தால் அது வெறும் அலங்காரம். தண்ணீர் வந்து சேரும் பள்ளத்தில் அமைத்து, அரை மீட்டர் தாழ்த்துங்கள். 10 ஏக்கரில் ரோட்டுக்கு 3 ஏக்கர் போனால் பூங்கா 70 சென்ட். அது 14 லட்சம் லிட்டரைப் பிடிக்கும். மொத்த மழையில் மூன்றில் ஒரு பங்கு! ஓரத்தில் நீர்மருதும் நாவலும் புங்கனும் நடுங்கள். கரை கரையாமல் இருக்க வெட்டிவேர் வையுங்கள். மழை விட்டு நீர் வடிந்தபின் குழந்தைகள் அங்கேயே விளையாடட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன், ஓடையும் வாய்க்காலும் வருவாய்த்துறை வரைபடப்படி அளந்து கல் நடப்பட வேண்டும்.

2. பூங்கா நிலம் தாழ்வான இடத்தில் ஒதுக்கப்பட வேண்டும்.

3. 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு அமைப்பு ஒவ்வொரு வீட்டிலும் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. மனை விற்பவர் தம் செலவில் வடிகாலைக் குளம் வரை கொண்டு சேர்க்க வேண்டும்.

மனை வாங்குகிறவர்களே, வயல்காரர்கள் உங்கள் விரோதிகள் அல்ல. இன்று அவர்கள் வயலில் புகும் தண்ணீர், மேல்பக்கம் இன்னொரு மனைப்பிரிவு வந்தால் நாளை உங்கள் வாசலில் புகும். பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த மழைத் தண்ணீர் எங்கே போகும்?” பதில் வராவிட்டால், இருவரும் சேர்ந்து பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போவோம்!