கறையின் இயல்பறிதல்

இரண்டே சீருடைகளைக் கொண்டு ஓராண்டு முழுவதையும் கழிக்கும் பிள்ளைகள் பலரை, தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் அறிந்திருக்கிறேன். அத்தகைய பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கறை படிந்துவிட்டால் அது சிறு செய்தியன்று. கறை நின்றுவிட்டால் வகுப்பில் நாணம். முரட்டுத்தனமாகத் தேய்த்துத் துணி நைந்தாலோ பெற்றோருக்குச் செலவு. ஆதலின், வீட்டிலேயே கறை நீக்கும் முறையைப்பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

கறையைக் கண்டதும் சோப்பையும் வெந்நீரையும் தேடுவது நம் வழக்கம். அதற்குமுன், 'இது என்ன கறை?' என்று கேட்டல் வேண்டும். நோயை அறிந்த பின்னரன்றோ மருத்துவர் மருந்து தருகிறார்?

இரத்தக் கறையை எடுத்துக்கொள்வோம். இரத்தத்திற் புரதம் உண்டு. சூடேறிய முட்டையின் வெண்கரு இறுகுவதுபோல, வெந்நீர் பட்டதும் அப்புரதம் இறுகி நூலைப் பற்றிக்கொள்ளும். எனவே, குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசிய பின்னரே சோப்பிடுதல் வேண்டும்.

எண்ணெய்க் கறையின் இயல்பு வேறு. எண்ணெய் நீருடன் கலவாது. சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு முனையால் எண்ணெயைப் பற்றி, மறுமுனையால் நீரை நாடும். அதனால் எண்ணெய் துணியைவிட்டு நீங்குகிறது. இங்கே வெந்நீர் நமக்குத் துணை.

பந்துமுனைப் பேனாவின் மை ஸ்பிரிட்டிற் கரையும். கறையின் அடியிற் பழந்துணியை வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மை பரவும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுமாதலின், அடுப்பருகே இவ்வேலை ஆகாது.

சாம்பார் சிந்திய இடத்திற் சோப்பிட்டதும் கறை சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். அஞ்ச வேண்டா. மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரம் பட்டுச் சிவக்கிறது. நன்கு அலசினால் மீண்டும் மஞ்சளாகும். எஞ்சும் மஞ்சள் நிறத்தை வெயிலே சிதைத்து மங்கச் செய்யும்.

வாழைக் கறையில் மட்டும் விரைவு வேண்டும். காற்றுப் பட்டுக் கறுத்த பின்னர் அதனைப் போக்குதல் அரிது. ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. 1799-ஆம் ஆண்டில் சார்லஸ் டென்னன்ட் என்பார் வெளுப்புத்தூள் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் பிளீச்சிங் பவுடர் என்பது அதுவே. அதனையோ வெளுப்பு நீர்மத்தையோ எலுமிச்சைச் சாறு, வினிகர் முதலிய எந்த அமிலத்துடனும் கலக்கலாகாது. குளோரின் வாயு எழும். 1915-ஆம் ஆண்டில் இப்பிரே போர்க்களத்தில் வீரர்களை மாய்த்த நச்சுவாயு அதுதான். பட்டுக்கும் கம்பளிக்கும் இவ்வெளுப்பான்கள் ஆகா. அவற்றின் இழையையே அரித்துவிடும். எம்மருந்தையும் முதலில் துணியின் உள்மடிப்பில் ஒரு துளியிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறன்று ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு வெள்ளைக் கந்தைகளில் மஞ்சளைத் தடவிச் சோப்பிட்டு அலசுங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் உலர்த்துங்கள். மாலையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி, மறுநாள் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.