காசும் அது கிடந்த இடமும்

(நம் இலக்கிய வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ நான் பேசுவேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கருவி. மெட்டல் டிடெக்டர் என்று எல்லாரும் அழைக்கும் உலோகங்காண் கருவி. பணி ஓய்வு பெற்ற தாத்தா நாளெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடக்கலாகாது என்றெண்ணிய என் பேரன், சென்ற பிறந்தநாளன்று அதனை எனக்குப் பரிசளித்தான். கருவியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். விலையைச் சொன்னால் என் துணைவியார் இந்த அவையிலேயே எழுந்து நின்று வினாத் தொடுப்பார். ஆகவே அவ்விரண்டையும் விடுத்து, அந்தக் கருவியோடு நான் பழகிய முதல் சில வாரங்களைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

நான் வாழும் சஃபோக் மாவட்டம் இங்கிலாந்தின் கிழக்கே உள்ள வேளாண் நிலப்பகுதி என்பதை அறிவீர்கள். எங்கள் ஊரை அடுத்த பண்ணையொன்றின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றேன். ஆகஸ்டுத் திங்களில் கோதுமை அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நிற்கும் வயலில், ஒருநாள் காலை, ஹெட்ஃபோனைச் செவியில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கருவியின் அமைப்பு எளியது. நீண்ட தண்டின் அடியில் தட்டுப் போன்றதொரு சுருள். அதில் பாயும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப் புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருப்பின், அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, தமக்கென ஒரு சிறு புலத்தை எழுப்புகின்றன. அந்த மறுமொழியை மற்றொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. மறுமொழியின் வன்மையையும் அது எத்துணைக் காலம் தாழ்த்து வருகிறது என்பதையும் கொண்டு, கிடப்பது இரும்பா, செம்பா, வெள்ளியா என்று கருவி கணித்து, அதற்கேற்ற ஒலியை எழுப்பித் திரையில் ஓர் எண்ணையும் காட்டுகிறது. இரும்புக்குத் தாழ்ந்த உறுமல். வெள்ளிக்கும் தடித்த செம்புக்கும் உச்சத்தில் ஒரு கூவல். இவ்விரண்டுக்கும் இடையில் எத்தனையோ சுரங்கள். இசையறிவு இல்லாத என் செவிக்கு முதல் நாள் அது சந்தை இரைச்சலாகவே இருந்தது.

முதல் வாரத்தில் நான் தோண்டி எடுத்த புதையல்களை வரிசையாகச் சொல்கிறேன். துருவேறிய ஆணிகள். வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை அடிகள். குளிர்பானக் குவளைகளின் இழுப்பு வளையங்கள். அறுவடை இயந்திரத்தில் அகப்பட்டு நார்நாராகக் கிழிந்த அலுமினியத் துண்டுகள். ஒரு சட்டைப் பொத்தான். கடைசியாக, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த பெரிய பென்னி ஒன்று. அந்தப் பென்னி வெளிப்பட்டபோது, நூறாண்டுகளுக்கு முன் உழவன் ஒருவன் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத் திகைத்திருப்பானே என்று நினைத்து நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். அந்நாளில் அது அவனுக்குச் சிறு காசு அன்று.

ஆணிகளைத் தோண்டிச் சலித்த நான், தாழ்ந்த ஒலிகள் அனைத்தையும் அடக்கிவிடுமாறு கருவியைத் திருத்தி அமைத்தேன். வயல் அமைதியாயிற்று. இரண்டு நாள் முழுவதும் நடந்தும் ஒன்றும் கிட்டவில்லை. பிறகுதான் பழகியவர் ஒருவர் சொன்னார்: மெல்லிய பொன் மோதிரம் காட்டும் எண்ணையே அலுமினியத் தாளும் காட்டும், சிறிய வெண்கலக் காசின் ஒலி குப்பையின் ஒலிக்கு மிக அருகில் இருக்கும், குப்பையே வேண்டாம் என்பவருக்குக் காசும் கிடையாது. அன்றுமுதல் எல்லா ஒலிகளையும் திறந்துவிட்டேன். இரண்டாம் வாரத்தின் முடிவில், ஒரு சாண் ஆழத்திற்கும் குறைவான மண்ணில், பச்சை பூத்த சிறு வட்டமொன்று கிடைத்தது. உரோமானியக் காசு. என் கை நடுங்கியதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அடுத்து நான் செய்ததையும் ஒளிக்கலாகாது. நம் வீடுகளில் செம்பும் பித்தளையும் கறுத்தால் என்ன செய்வோம்? வீட்டிற்கு ஓடினேன். துணைவியார் குழம்பிற்கு ஊறவைத்திருந்த புளியில் ஒரு பிடி எடுத்தேன். சிறிது உப்பும் சேர்த்துத் துலக்கினேன். ஐந்து நிமிடத்தில் காசு புதுக்குடம் போல் மின்னியது. ஆனால் மின்னிய காசில் முகம் இல்லை, எழுத்து இல்லை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக மண் அந்தக் காசின் மேல் படியவைத்த பச்சைத் தோலில்தான் மன்னனின் மூக்கும் முடியும் பெயரும் தங்கியிருந்தன. அழுக்கென நான் கழுவியதுதான் எழுத்து. மெருகூட்டுகிறேன் என்று நம் பாட்டை நாமே துலக்கித் துலக்கி உருவழித்த இரவுகள் கவிஞர்களாகிய உங்களுக்கும் இருக்கும். ஆகவே என் வருத்தம் உங்களுக்கு விளங்கும்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது காசு கிடைத்தது. இம்முறை நீரால்கூடக் கழுவவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும், வயல்களில் கிடைக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்வதற்கென 1997இல் தொடங்கிய திட்டமொன்று இருக்கிறது. போர்ட்டபிள் ஆண்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்பது அதன் பெயர். மாவட்டந்தோறும் அதற்கு அலுவலர்கள் உள்ளனர். இதுவரை 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதன் ஏட்டில் ஏறியுள்ளன. என் இரண்டு காசுகளையும் எடுத்துக்கொண்டு அலுவலர் அம்மையாரிடம் சென்றேன்.

இரண்டாவது காசை அவர் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஒரு வீரன் ஈட்டியை ஓங்கி நிற்கிறான். அவன் முன்னே குதிரையோடு வீழ்ந்து கிடக்கிறான் பகைவன். நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் ஆண்ட காலத்தில் வழங்கிய வகை. அதுவும் அரசின் அக்கசாலையில் அடித்தது அன்று. காசு போதாத காலத்தில் இந்த மண்ணிலேயே யாரோ பார்த்து அடித்த படியாம். சந்தையில் அதன் விலை ஒருவேளை உணவுக்குக் காணாது. அம்மையார் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நிறுத்தார், அளந்தார், படமெடுத்தார். பிறகு கேட்டார்: “எந்த இடத்தில் எடுத்தீர்கள்?”

பேரன் சொல்லிக் கொடுத்தபடி, கைபேசியில் அந்த இடத்தின் நிலவரை எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தனிக்காசு ஒன்று எதையும் சொல்லாது. ஆயினும் இத்தகைய நூறு புள்ளிகள் வரைபடத்தில் விழுமானால், மறைந்த சாலையோ மறந்துபோன சந்தையோ குடியிருப்போ துலங்கும் என்றார். பிறகு முதற்காசை எடுத்தார். “இது எங்கே?” என்றார். எனக்குத் தெரியவில்லை. மகிழ்ச்சியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். முகமும் இல்லை, இடமும் இல்லை. அம்மையார் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை இந்த அவையில் சொல்லத்தான் இத்துணைத் தூரம் வந்தேன்.

நான் கரூரில் அமராவதி ஆற்றங்கரையில் பிறந்தவன். பத்து வயதில், வெள்ளம் வடிந்த மணலில் விளையாடுகையில் பச்சை பூத்த வட்டத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தேன். தெருவில் பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருபவர் வந்தார். கொடுத்தேன். ஒரு கைப்பிடி பழம் கிடைத்தது. தம்பியோடு பகிர்ந்து உண்டேன். அவ்வளவுதான்.

பின்னாளில்தான் படித்து அறிந்தேன். அதே ஆற்றுப் படுகையில் உரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. மாக்கோதை, குட்டுவன்கோதை எனத் தமிழிப் பொறிப்புடைய சேரர் காசுகள் அங்கிருந்து வந்து, சங்க காலம் பற்றிய நம் அறிவையே திருத்தின. தினமலர் ஆசிரியராய் இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அத்தகைய காசுகளை வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்துப் படித்தார். நான் கொடுத்த துண்டில் ஏதோ ஒரு விலங்கின் உருவம் இருந்தது. குதிரை என்று என் நினைவு சொல்கிறது. பாண்டியன் பெருவழுதியின் காசில் குதிரை உண்டு. அம்மையார் மேசையில் நான் கண்ட உரோமானியக் காசிலும் குதிரை உண்டு. அக்காலத்து உரோமானியச் செப்புக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் கிடைத்துள்ளன. என்னுடையது பாண்டியனின் குதிரையா, உரோமனின் குதிரையா, அன்றி இன்று நான் கற்பனையில் கட்டிவிட்ட குதிரையா? இனி எந்தக் கருவியும் அதைச் சொல்லாது.

எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எங்கள் சஃபோக்கிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1992 நவம்பர் 16இல் ஹாக்ஸன் என்னும் சிற்றூரில், நண்பரான உழவர் வயலில் தொலைத்துவிட்ட சுத்தியலைத் தேடி எரிக் லாஸ் என்பவர் உலோகங்காண் கருவியோடு இறங்கினார். பொற்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வெளிப்பட்டன. சிறிது எடுத்தவர், தோண்டுவதை நிறுத்தினார். அதிகாரிகளுக்குச் செய்தி சொன்னார். மறுநாள் தொல்லியலார் வந்து மீதமிருந்தவற்றை, அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்த நிலையிலேயே குறித்துக்கொண்டு எடுத்தனர். மொத்தம் 14,865 காசுகள். பொருள்கள் ஒரு மரப்பேழையில் எப்படிப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன என்பதுவரை இன்று அறிகிறோம். அத்தனையும், தேடிச் சென்ற அந்தச் சுத்தியலும்கூட, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

அந்தப் புதையலில் நான்கு வெள்ளி மிளகுக் குப்பிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று உயர்குடிப் பெண்ணின் உருவம். மிளகு எங்கிருந்து சென்றது என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முசிறித் துறையில் பொன்னுக்கு மிளகு மாறியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பதிந்து வைத்தார். நம் மலையில் விளைந்த மிளகு என் வீட்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள வயல்வரை வந்திருக்கிறது. அந்தப் புலவர் எழுதிவைத்தார். இந்த மனிதர் தோண்டுவதை நிறுத்தினார். இருவரும் பொறுப்போடு நடந்ததால் இன்று நாம் இரண்டு முனைகளையும் இணைத்துப் பார்க்கிறோம்.

இங்கே சட்டமும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, முந்நூறாண்டுப் பழமையுடைய பொன், வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே பதினான்கு நாளுக்குள் அறிவித்தாக வேண்டும். இந்தியாவிலும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஊருக்குச் செல்லும்போது கருவியை இரவல் கேட்கும் நண்பர்களுக்கு இதுவே என் விடை. ஆனால் எரிக் லாஸ் தோண்டுவதை நிறுத்தியது இச்சட்டம் பிறப்பதற்கு நான்காண்டு முன்பு.

அன்பர்களே, இறுதியாக ஒன்று. நம் பத்தாம் ஆண்டு மலருக்காகப் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினோம். நம் தொடக்க ஆண்டுகளில் கூட்டம் தவறாமல் வந்து, கொடுத்த பொருளில் அப்போதே வெண்பா சொல்லி, நம்மைச் சிரிக்கவும் கலங்கவும் வைத்த மூத்த கவிஞரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று அவர் நம்மிடையே இல்லை. குறிப்பேட்டில் பதினோரிடங்களில் அவர் பெயர் வருகிறது. பதினோரிடங்களிலும் ஒரே செய்தி: “கவிஞர் வெண்பா ஒன்று பாடினார், அவை மகிழ்ந்தது.” ஒரு பாட்டுக்கூட இல்லை. அந்தக் குறிப்பேட்டை எழுதியவன் நான். பேரீச்சம்பழத்துக்குக் கொடுத்தது போலவே, கைதட்டலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களில் எவருக்கேனும் அவர் பாட்டில் ஓரடி, ஈற்றடி, ஒரு தனிச்சொல் நினைவிருந்தால், எழுதித் தாருங்கள். திருத்த வேண்டாம், தளை தட்டினாலும் துலக்க வேண்டாம். எந்த மாதம், யார் வீட்டில், எந்தப் பொருளில் பாடினார் என்பதையும் நினைவிருக்கும் அளவில் குறித்துத் தாருங்கள். அடுத்த திங்கள் முதல் குறிப்பேட்டை மீண்டும் நானே எழுத அவைத் தலைவர் அவர்கள் இசைய வேண்டும். இனிப் பாடப்பெறும் பாட்டு, பாடிய நாளோடும் இடத்தோடும் அதில் நிற்கும்.