சர்க்கரை வியாதியும் நம் கால்களும்

(கணியூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



சர்க்கரை வியாதி என்றால் திண்டில் சாய்ந்து நெய்ச்சோறு தின்பவனுக்கு வருவது என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள். இன்று கரும்பு வெட்டப் போகிறவனுக்கும் அது இருக்கிறது. பஞ்சாலையில் இழை முடிகிறவளுக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி என்று கணக்குச் சொல்கிறது. பணக்காரன் வியாதி ஏழையிடம் வந்துவிட்டது. பணக்காரன் வைத்தியம் மட்டும் கூடவே வரவில்லை!

இதில் டாக்டர் செய்வது கொஞ்சம். மீதியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் டாக்டர் முன்னால் நிற்கிறோம். மற்ற நாளெல்லாம் வியாதியோடு நாம்தானே குடித்தனம் நடத்துகிறோம்?

காலையில் நடப்பதைப் பாருங்கள். மாத்திரையை வாயில் போடுகிறோம். அதற்குள் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். சோறு தின்னாமல் ஓடுகிறோம். பத்து மணிக்கு மிஷின் முன்னால் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, கண் இருட்டுகிறது. மேஸ்திரி, ‘தூக்கமா?’ என்று அதட்டுகிறார். அது தூக்கமல்ல, தோழர்களே! ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிட்டது. கூடினால் மெல்லக் கொல்லும். குறைந்தால் அந்த நிமிஷமே ஆளைச் சாய்க்கும். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை போடுகிறவர், ஊசி போடுகிறவர் எல்லோர் மடியிலும் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். பக்கத்து மிஷின்காரருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்தான் கீழே விழுகிறார்.

வேளைக்குச் சாப்பிட இடைவேளை வேண்டும், ஒன்றுக்குப் போக நேரம் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வு விடாமல் வேலை வாங்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதியது. சர்க்கரை வியாதிக்காரருக்கு அது உயிர் விஷயம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ராகிக் களி எவ்வளவு தின்றாலும் ஏறாது என்பது பொய். களியும் மாவுதான், அளவுதான் முக்கியம். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரையே. ஒன்றரை ஷிப்டில் ஐந்தாறு டீ குடிக்கிறோமே, அந்தச் சர்க்கரையை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? சோற்றைக் குறைத்து, கொள்ளும் தட்டைப்பயறும் முருங்கைக் கீரையும் தட்டில் கூடட்டும். இவை நம் கைக்கு எட்டாத பண்டங்களல்ல. பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்பவர்களிடம் சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஊசி என்றால் பயம். ‘ஊசி வந்தால் ஆயுசு முடிந்தது’ என்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில், சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள், பிழைத்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு அவ்வூர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றோ உலகத்து இன்சுலின் வியாபாரத்தில் பெரும் பங்கு மூன்றே கம்பெனிகளின் கையில்! அது கிடக்கட்டும், அரசு ஆஸ்பத்திரியில் நமக்கு அது இலவசம். வீட்டில் பிரிட்ஜ் இல்லாவிட்டால், மண்பானையில் ஈர மணலிட்டு, மருந்துக் குப்பியை நனையாமல் ஒரு சிறு டப்பாவில் போட்டு அதற்குள் வையுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்லது. ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு ஒரு தடவை கண், சிறுநீரகப் பரிசோதனை, இவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஆலைத் தோழர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, தமிழ்நாட்டில் அது 1955இல் முதலில் வந்ததே நம் கோவையில்தான். நோயில் படுத்தால் 91 நாள் வரை நூற்றுக்கு 70 பங்கு கூலி கிடைக்கும். வயலில் நிற்கிற தாய்க்கு அந்த நாளெல்லாம் கூலியே இல்லை. அந்த அநியாயத்தை நாம் மறக்கவில்லை.

கடைசியாகக் கால். நம்மில் ஒருவர் கரும்புக் காட்டில் வெறுங்காலோடு போனார். கட்டை குத்தியது தெரியவில்லை; மரத்துப் போன கால். ஒன்பதாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தார். இரண்டு விரல் போயிற்று. அந்த வருஷ வெட்டுக் கூலியும் போயிற்று. செருப்பில்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். காலைத் தீயில் காட்டாதீர்கள். இரவில் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாதவருக்கு வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.

இரண்டு டார்ச் விளக்கு கொண்டுவந்திருக்கிறோம். கலையும் முன், பக்கத்தில் இருப்பவர் காலை ஒருவருக்கொருவர் பார்த்துவிடுங்கள். புண் தெரிந்தால் பெயர் கொடுங்கள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேர்ந்தே போவோம்.